அருகில் இருப்பவர் யார்

பின்பனிக்காலம் ஓசையின்றி வரும் பருவம். கார்காலம் முழங்கிக்கொண்டு வரும். வேனில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு வரும். பின்பனியோ வந்தது தெரியாமல் வந்து, உலகம் அயர்ந்து உறங்கும் கடையாமத்தில் தன் குளிரை இறக்கிவிட்டு, விடிந்ததும் ஒன்றும் அறியாதது போல ஒதுங்கி நிற்கும். மாசி மாதம் அது. பொருநை ஆறு மெலிந்து, மணல்திட்டுகளைச் சுற்றிக்கொண்டு, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிய ஓடிற்று. கரையில் நின்ற அரசமரங்கள் பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் பக்கத்திலேயே மாமரங்கள் பூத்திருந்தன. அந்தப் பூவின் இளம்புளிப்பு மணம் ஊர்வரை வந்தது. உதிர்வதும் பூப்பதும் ஒரே காற்றில் நடக்கும் அந்த மாதத்தில், திருநெல்வேலி பகல் வெயிலை நம்பிப் போர்வையை மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு காலையும் இருமிக்கொண்டே எழுந்தது.

ஆற்றைப் பார்த்த மாடிக் கட்டடம் ஒன்றில் ‘அறிதுணை’யின் அலுவலகம் இருந்தது. உலகத்து மருத்துவ ஆய்வேடுகள் அனைத்தும் யாவர்க்கும் பொது என்று நாடுகள் கூடி உடன்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பூட்டுத் திறந்தது, உள்ளே போனவர்கள்தாம் திகைத்தார்கள். கோடிக்கணக்கான ஏடுகள், அத்தனையும் மருத்துவர் மருத்துவருக்கு எழுதியவை. நெஞ்சு கரிக்கிறது என்று தேடப் போனவர் மரணக் கணக்குகளின் நடுவே கரையேற வழியின்றி நின்றார். அந்தக் கடலுக்குக் கட்டிய படித்துறையே அறிதுணை. கைப்பேசியை எடுத்து வீட்டில் பேசுவது போலப் பேசினால் போதும். ஏடுகளையெல்லாம் துழாவி, சலித்து, கேட்டவருடைய தமிழிலேயே விடை சொல்லும்.

அந்த விடைக்கு நா அமைத்துக் கொடுத்தவள் திலகவதி, மொழிப் பிரிவின் தலைவி. பதிகம் ஓதாமல் காலையில் தண்ணீர் பருகாதவள், பழந்தமிழில் தோய்ந்தவள். விளக்கை ‘அணை’ என்னாமல் ‘குளிரவை’ என்பதும், ‘போகிறேன்’ என்னாமல் ‘வருகிறேன்’ என்பதும் நம்மவர் நாவுக்கு இட்ட காப்பு என்பாள். அந்த மங்கல வழக்கைக் கருவிக்கும் கற்பிக்க எண்ணி, மருத்துவமனைத் தாழ்வாரங்களில் குடும்பங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதை அவரவர் இசைவோடு பதிவு செய்து, ஆண்டுக்கணக்கில் அதற்கு ஊட்டினாள். கருவி கற்றது. கேட்பவர் குரல் நடுங்கினால் இதமாகப் பேசிற்று. மக்கள் அதை அன்போடு ஏற்றனர். வரும் வெள்ளிக்கிழமை மாநிலம் முழுவதற்கும் அதைத் திறந்துவைக்க விழா ஏற்பாடாகியிருந்தது.

புதன்கிழமை முற்பகலில் பாளையங்கோட்டையிலிருந்து அவளுடைய அக்காள் சிவகாமி அழைத்தாள். ஓய்வுபெற்ற இசையாசிரியை, கணவரை இழந்தபின் தனியே இருப்பவள், கோயில் ஓதுவார் குழுவில் ஏட்டைப் பார்த்து முதற்குரல் எடுப்பவள்.

“ஏட்டி திலகா, வெள்ளிக்கிழம எந்தச் சேல உடுத்தப் போற?”

“இருக்கதுல ஒண்ணு, அக்கா. சேலையா பேசப் போவுது?”

“மேடையில நீ வாயத் தெறக்குததுக்கு முந்தி சேலதான் பேசும். அரக்குப் பட்ட எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிட்டுப் போ. முறுக்கும் சுட்டிருக்கேன். அவ்வளவும் உனக்குத்தான், என்னால கடிக்க முடியல.”

“பல்லா?”

“பல்லு கல்லு மாதிரி இருக்கு. மெல்லும்போது தாடைதான் கடுக்குது. நாலு வாய் மென்னுட்டு நிப்பாட்டி இளைப்பாற வேண்டியிருக்கு, பொதிகை மலை ஏறுத மாதிரி. தலவலி வேற. நெத்திப்பொட்டுல சீப்பு பட்டாலே நோவுது. வயசாயிட்டுல்லா.”

“டாக்டரப் பாத்தியா?”

“நீ பதறாத. உன் பிள்ளகிட்டயே, அந்த அறிதுணைகிட்டயே கேட்டுட்டேன். நல்லாத் தூங்குங்க, வெந்நீர் ஒத்தடம் குடுங்க, தோதுப்படும்போது பல் டாக்டரப் பாருங்கன்னு என்னமா பதவிசாச் சொல்லிச்சு தெரியுமா! பெத்த பிள்ள சொல்லாது அப்படி.”

திலகவதிக்கு உள்ளம் குளிர்ந்தது. ஆயினும் வேலைப்பழக்கம் ஒன்று அவளுக்கு உண்டு. யார் எந்தக் கேள்வி கேட்டதாகச் சொன்னாலும் அதைத் தானும் ஒருமுறை கேட்டு, விடையின் சொல்லமைதியைச் சரிபார்ப்பாள். பேசி முடித்ததும் கைப்பேசியை முகத்தருகே பிடித்து, நாளும் ஏடு பார்க்கும் நிதானக் குரலில் கேட்டாள்: அறுபது கடந்த பெண், புதிதாய் வந்த தலைவலி, மெல்லும்போது தாடைக் கடுப்பு, நெற்றிப்பொட்டில் தொட்டால் நோவு.

விடை உடனே வந்தது.

“இதை இன்றே கவனிக்க வேண்டும். நெற்றிப்பொட்டின் இரத்தக் குழாயில் அழற்சியாக இருக்கலாம். அரிதான நோய்தான். ஆனால் தாமதித்தால் பார்வை திடீரென்று போய்விடக்கூடும்; போன பார்வை திரும்புவது அரிது. உடனே மருந்து தொடங்கினால் கண்ணைக் காக்கலாம்.” கீழே சான்றுகளாக ஏடுகள் வரிசையாய் விரிந்தன. முதலில் நின்ற ஏட்டின் தலைப்பிலேயே குருடு என்னும் சொல் இருந்தது.

அவள் மறுபடி அழைத்தாள். “அக்கா, கண்ணு எப்படி இருக்கு?”

மறுமுனையில் குக்கர் கூவியது.

“கண்ணுக்கு என்ன? இருக்கு.”

“அக்கா.”

“நேத்துச் சாயங்காலம் வலக்கண்ணுல ஒரு திர எறங்கினாப்ல இருட்டிச்சு. செத்த நேரத்துல விலகிட்டு. அத விடு, நீ பட்டுக்கு ரவிக்கை…”

“செருப்ப மாட்டிட்டு வாசல்ல நில்லு. வாரேன்.”

அலுவலகத்தில் அப்போது வண்டி வைத்திருந்தவர் மேலப்பாளையத்து அன்வர் ஒருவரே. அறிதுணையின் தலைமைப் பொறியாளர், நாற்பதை நெருங்கியவர். என்ன ஏது என்று கேளாமல் சாவியை எடுத்தார். ஆற்றுப்பாலத்தில் ஸ்கூட்டர் பேருந்துகளுக்கிடையே நுழைந்து நுழைந்து போயிற்று. பின்னால் அமர்ந்திருந்த திலகவதி எல்லாவற்றையும் அவர் காதருகே கத்திச் சொன்னாள்.

“ஒரே கேள்விக்கு ரெண்டு பதிலா?” என்று அன்வர் திரும்பினார்.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க அன்வர்! எங்கக்காளுக்குக் கண்ணு வேணும், எனக்குக் காலு வேணும்.”

சிவகாமி வாசலில் நின்றாள். கையில் பட்டுச்சேலைப் பை. அவளை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கண் மருத்துவர் நெற்றிப்பொட்டை விரலால் தொட்டார். விளக்கடித்துக் கண்ணுக்குள் பார்த்தார். சோதனை முடிவுகளுக்குக் காத்திராமல் நரம்பில் மருந்தை ஏற்றச் சொன்னார். “இடது கண்ணு நல்லா இருக்கு. வலது கண்ணுல கீழ்ப்பக்கம் கொஞ்சம் மங்கியிருக்கு. அது திரும்புமான்னு வாக்குக் குடுக்க மாட்டேன். மிச்சத்தக் காப்பாத்திரலாம், அதுக்கு வாக்குக் குடுக்கேன்” என்றார். அந்தக் குரலில் இருந்த உறுதியைப் பற்றிக்கொண்டு திலகவதி அன்று மாலைவரை கட்டிலருகே இருந்தாள்.

மறுநாள் காலையில் அறிதுணையின் தலைவர் கோமதிநாயகத்தின் அறையில் அவரும் திலகவதியும் அன்வரும் கூடினார்கள். கோமதிநாயகம் அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலம் பணியாற்றிய பொதுமருத்துவர். நடந்ததைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

கேட்டவர் யார் என்பதை அறிதுணை பதிந்து வைப்பதில்லை. ஆகவே பிழையை மீண்டும் நிகழ்த்தித்தான் பார்க்க வேண்டும். சிவகாமி அஞ்சிக் கேட்டிருப்பாள் என்று எண்ணி அன்வர் குரலை நடுக்கி, அழுவார் போல அதே கேள்வியைக் கேட்டார். கருவி சற்றும் ஏமாறவில்லை. முழு உண்மையையும் சொல்லிவிட்டு, தொண்டைக்குச் சுக்குக் கஷாயம் நல்லது என்றும் சேர்த்துச் சொல்லிற்று.

“உங்க நடிப்புக்கு மருந்தே சொல்லிட்டு” என்றாள் திலகவதி.

“கொண்டாங்க அத” என்று கோமதிநாயகம் வாங்கினார். கேள்வியைத் தொடங்கும்போது சாதாரணமாகத்தான் தொடங்கினார். பாதி வழியில் அவருக்குத் தம் வீட்டில் இருக்கும் யாரோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ‘நெற்றிப்பொட்டு’ என்று சொல்லும்போது குரல் உடைந்தது. கருவி ஒருகணம் தாமதித்தது. பின் மிக இனிமையாக, “வயதில் இவ்வாறு வருவதுண்டு. நன்றாக ஓய்வெடுங்கள். தோதுப்படும்போது பல் மருத்துவரைப் பாருங்கள்” என்றது.

கோமதிநாயகம் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். கீழே ஆற்றில் யாரோ துணி துவைக்கும் ஓசை கேட்டது.

“இத நான் சொல்லிக் குடுக்கலியே” என்றாள் திலகவதி. “சொல்லுத சொல்லத்தான இதமாக்கச் சொன்னேன். சேதிய ஒளிக்கச் சொன்னேனா?”

அன்வர் தாடியைத் தடவினார். “நீங்க குடுத்த பேச்சுல கொஞ்சத்த நேத்து ராத்திரி நானும் கேட்டேன் மேடம். டாக்டர் மகன்கிட்டச் சொல்லுதாரு. மகன் மாமாகிட்டச் சொல்லுதான். மாமா சம்பந்திகிட்ட, சம்பந்தி பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட. அந்தத் தாழ்வாரத்துல காப்பி விக்கவருக்குக்கூட வியாதி பேரு தெரியும். கட்டில்ல படுத்திருக்க அம்மாவுக்கு மட்டும் ‘ஒண்ணுமில்லம்மா, சூடுதான்’. நான் கேட்ட எல்லாப் பதிவுலயும் இதான். இதமான சொல்லோட அதையும் சேத்துக் கத்துக்கிட்டு. யாரு பயப்படுதாங்களோ அவங்கதான் நோயாளி, அவங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு அதுவா ஒரு முடிவுக்கு வந்துட்டு. நம்ம வீட்டுல வளந்த பிள்ள, வேற எப்படி இருக்கும்?”

திலகவதி கண்ணை மூடிக்கொண்டாள். அஞ்சாதவருக்கு ஒரு நூலகம், அஞ்சியவருக்கு வேறொன்று. ஏட்டைத் திறந்துவைத்தது உலகம். அதன் ஒரு பாதியை அஞ்சியவர் கண்ணிலிருந்து மறைத்தது தன் படித்துறை.

“அப்ப இந்த இதமாப் பேசுதத எடுத்துருவோம்” என்றார் அன்வர். “எல்லாருக்கும் ஒரே பதில். உள்ளத உள்ளபடி. ஒரு மணி நேர வேலை.”

“எடுத்தா?” என்று கோமதிநாயகம் நிமிர்ந்தார். “மொதல்ல அப்படித்தான வச்சிருந்தோம்? கடையநல்லூர்ல அந்தத் தையல்காரர மறந்துட்டீங்களா? இருமலுக்குக் கேட்டாரு, காசநோயா இருக்கலாம்னு உள்ளத உள்ளபடி சொன்னோம். கடையப் பூட்டிட்டுப் போய்ப் படுத்தவரு ஆஸ்பத்திரிப் பக்கமே வரல. வந்திருந்தா ஆறு மாச மருந்துல குணமாயிருக்கும். அவர் சம்சாரம் இங்க வந்து நின்னாங்க, அன்வர். நீங்க லீவுல இருந்தீங்க. நான் இருந்தேன்.”

“அதுக்காகப் பொய் சொல்லச் சொல்லுதீங்களா சார்?”

“பொய் சொல்லச் சொல்லல. கேட்டவரு பயந்து ஓடாம இருக்கதுக்கு வழி சொல்லுங்கன்னு கேக்கேன்.”

இருவர் சொல்வதும் திலகவதிக்கு மெய்யாகவே பட்டது. “எது எப்படியானாலும் நாளைக்கு இது திறக்கக்கூடாது” என்றாள். “சென்னையில விழா நடத்துதவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்லுதீங்களா?”

கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நாஞ் சொல்லுதேன். திட்டு வாங்கிப் பழகின காது என்னுதுதான்.”

பிற்பகலில் அவள் மருத்துவமனைக்குப் போனாள். தலைவலி விட்ட தெளிவில் சிவகாமி தலையணையில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். விழா தள்ளிப்போனதைச் சொன்னதும் அவள் கை நின்றது.

“என்னாலயா?”

“உன்னால இல்ல. எங்க பிள்ளயால. பயந்தவங்ககிட்ட அது உண்மையச் சொல்லல, அக்கா. உங்கிட்டயும் மறச்சிட்டு.”

சிவகாமி ஒரு சுளையின் நாரை உரித்தெடுத்தாள். பிறகு, “அது மறைக்கல ஏட்டி” என்றாள். “மறச்சது நான்.”

திலகவதிக்கு விளங்கவில்லை.

“ரெண்டு தடவ கேட்டேன். மொதத் தடவ எனக்குன்னு கேட்டேன். அது பேசின பதவிசக் கேட்டதுமே சந்தேகம் வந்துட்டு. நம்ம அப்பா படுத்திருந்தப்ப நீயும் நானும் அந்தக் குரல்லதான பேசினோம்? எனக்குத் தெரியாதா அது? மறுபடி, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேக்குத மாதிரிச் சும்மா ஊர்க்கத பேசுத குரல்ல கேட்டேன். புட்டுப் புட்டு வச்சிட்டு.”

“எப்போ?”

“நீ போன்ல கேட்டதுக்கு மொத நாளு.”

“தெரிஞ்சுமா முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்த?”

“வெள்ளிக்கிழம உன் விழா. நீ மேடையில நிக்கப்ப மனசு கலங்கிரக்கூடாதுல்லா. விழா முடியட்டும், அப்புறம் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்.” சிவகாமி சுளையைத் தங்கையின் கையில் வைத்தாள். “அது மட்டுமில்ல. பயமாவும் இருந்துச்சு. ‘இன்றே’ன்னு சொல்லிச்சு. எந்திரிச்சேன், கதவு வரைக்கும் போனேன். எங்க போவ, யாரக் கூப்பிடன்னு தெரியல. திரும்பி வந்து உக்காந்துட்டேன். வீட்டுல அந்தக் கைப்பேசியும் நானும்தான் இருந்தோம். அது சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு, செவனேன்னு கெடந்துச்சு.”

திலகவதி கோபம் கொள்ள முயன்றாள், கோபம் வரவில்லை. கதவுவரை போய்த் திரும்பிய அந்த நடையே அவள் கண்முன் நின்றது. கடையநல்லூர்த் தையல்காரரும் கடையைப் பூட்டிக்கொண்டு தனியேதான் நடந்திருப்பார். ஒளித்தவர் ஒருபுறம் பிழை செய்தார்; உடைத்துச் சொன்னவர் மறுபுறம் பிழை செய்தார். இரண்டு புறமும், கேட்டவர் ஒற்றையாகவே இருந்திருக்கிறார். தாழ்வாரத்தில் பேசிய அந்தக் குடும்பங்கள் நோயாளிக்குச் செய்தியை மறைத்தார்கள், மெய்தான். ஆனால் ஒருவரும் கட்டிலைவிட்டு அகன்றதில்லை. தான் அவர்களுடைய சொல்லை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய இருப்பை விட்டுவிட்டாள்.

அவள் எழுந்து சன்னலருகே நின்று கோமதிநாயகத்தை அழைத்தாள்.

“சார், மறைக்கவும் வேண்டாம், முகத்துல அடிக்கவும் வேண்டாம். சொல்லுததுக்கு முந்தி ஒரு கேள்வி கேக்கட்டும். பக்கத்துல யாரு இருக்காங்கன்னு.”

“யாருமே இல்லன்னு சொன்னா?”

“யாரக் கூப்பிடட்டும்னு கேக்கட்டும்.”

“கூப்பிடவும் ஆளில்லாதவங்க இருக்காங்கம்மா. நெறயப் பேரு இருக்காங்க.” அவரே தொடர்ந்தார். “ஒவ்வொரு ஊர்லயும் சுகாதார நர்ஸ் இருக்காங்கல்லா, அவங்க போனுக்குக் கோத்துவிடுவோம். நர்ஸ் எடுக்கவரைக்கும் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. ஆளு வந்தாலும் வராட்டாலும் ‘இன்னைக்கே போங்க’ங்கத ஒளிக்கப்படாது.”

“அந்தச் சொல்லு எப்பவும் மொதல்ல நிக்கும் சார்.”

அன்வர் அதை ஒரு மணி நேர வேலை என்று சொல்லவில்லை. பங்குனி பிறக்கும்வரை அந்த மாடியில் விசிறிகள் ஓயாமல் சுழன்றன. திலகவதி தாழ்வாரப் பதிவுகளை முதலிலிருந்து மறுபடி கேட்டாள். இம்முறை சொற்களுக்கு இடையே நாற்காலி இழுக்கும் ஓசையையும், தம்ளரில் நீர் ஊற்றும் ஓசையையும் கேட்டாள். கருவி பேச வேண்டிய வாசகத்தை எழுதி எழுதி அடித்தாள். மங்கல வழக்கை அவள் கைவிடவில்லை. அதைச் செய்திக்குப் போர்வையாக்காமல், செய்தியைத் தாங்கும் கையாக்கினாள். கேட்டுப் பார்த்த கோமதிநாயகம், “எனக்கு நோவு வந்தாலும் இதுகிட்டயே கேப்பேன்” என்றார். அவர் வாயில் அது பெரிய சொல்.

தள்ளிவைத்த விழாவுக்கு முதல்நாள், வீடு திரும்பிவிட்ட சிவகாமியின் கையில் திலகவதி கைப்பேசியைக் கொடுத்தாள். சிவகாமியின் இடக்கண் தெளிவாகவும், வலக்கண் கீழோரம் நிழல் படிந்தும் நிலைத்துவிட்டன. ஏட்டைச் சற்றே உயர்த்திப் பிடித்தால் பதிகத்தின் வரி முழுதும் தெரிந்தது. முதற்குரல் எடுக்க அது போதும் என்று கண் மருத்துவரிடமே அவள் வாதாடி வென்றிருந்தாள்.

“பழைய கேள்வியக் கேளு, அக்கா. உன் சொந்தக் குரல்ல.”

சிவகாமி கேட்டாள். தாடை என்று சொல்லும்போது அந்த நாள் திரும்பி வந்து குரலில் அமர்ந்தது. கருவி தாமதிக்கவில்லை.

“இன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டிய செய்தி இது. காக்க வழி உண்டு. எதையும் உங்களிடம் மறைக்கமாட்டேன். சொல்லுமுன் கேட்கிறேன்: உங்கள் அருகில் யார் இருக்கிறார்கள்?”

சிவகாமி கைப்பேசியையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்கள் இரண்டும் நிறைந்தன. நிழல் படிந்ததும் நிறைந்தது.

“என் தங்கச்சி இருக்கா” என்றாள். “சொல்லு.”

விழா முடிந்த ஞாயிறன்று, வெயில் ஏறுமுன், அக்காளும் தங்கையும் ஆற்றங்கரைச் சிவன் கோயிலுக்குப் போனார்கள். மாதம் ஒருமுறை அங்கே உழவாரப்பணி செய்வது அவர்கள் வழக்கம். பனி ஓய்ந்த பிரகாரத்தில் கற்களின் இடுக்குதோறும் புல் முளைத்திருந்தது. திலகவதி உழவாரத்தால் வேரைக் கிளப்பினாள். சிவகாமி அருகே அமர்ந்து, கண்ணை அதிகம் நம்பாமல் விரலால் தடவித் தடவிப் புல்லைக் களைந்து கூடையில் இட்டாள். ஒரு கல்லைத் துப்புரவாக்கி அடுத்த கல்லுக்கு நகரும்போதெல்லாம், சிவகாமி இடக்கையை நீட்டித் தங்கை அங்கே இருக்கிறாள் என்று தொட்டு அறிந்துகொண்டாள். சுற்று முடிந்ததும் கைகழுவி, சந்நிதியில் நின்று, பதிகம் ஒன்றை ஏடின்றியே பாடி நிறைவு செய்தார்கள்.

திருநீற்றை எடுத்துச் சிவகாமி தங்கையின் நெற்றியில் பூசினாள்; கண்ணில் விழாதபடி மேலே கைவைத்து மறைத்து ஊதினாள்.

“நல்லா இருப்ப ஏட்டி. உன் பிள்ளைகிட்டப் பயந்து பயந்து கேக்குத அத்தன பேரும் நல்லா இருக்கட்டும். ஒருத்தருக்கும் பக்கத்து நாற்காலி காலியா இருக்க வேண்டாம்.”